பெங்களூரில் வீடு வாங்கி விற்பதும் வாடகைக்கு விடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருக்கு வந்து 19 வருடம் ஆகிறது. அல்சூரில் ஒற்றை அறை வாடகையில் தொடங்கினேன். 2014-ல் பானஸ்வாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டேன். 2021-ல் முருகேஷ்பாளையாவில் ஒரு பழைய ஃப்ளாட்டை வாங்கி, சரிசெய்து, இரண்டு வருடம் கழித்து விற்றேன். அதிலிருந்து சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது போன் செய்து இதைப் பற்றியே கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சம்பளத்தில் வாழ்ந்து, கடன் வாங்கி இதில் இறங்க நினைப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பழைய ஃப்ளாட்டை வாங்கி, பெயின்ட் அடித்து, ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபம் நிற்குமா?

பெரும்பாலும் நிற்காது. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

70 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் முத்திரைத்தாள் கட்டணம் 5 சதவீதம். அதன் மேல் செஸ், சர்சார்ஜ் சேர்ந்தால் நகரத்தில் 5.6. பதிவுக் கட்டணம் 1 சதவீதமாக இருந்தது, 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 ஆகிவிட்டது. மொத்தம் 7.6 சதவீதம், அதாவது 5.32 லட்சம். தரகு 1 சதவீதம், 70 ஆயிரம். சமையலறை, இரண்டு பாத்ரூம், வயரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து 6 லட்சம். 56 லட்சம் கடனுக்கு 8.5 சதவீதத்தில் 9 மாத வட்டி 3.57 லட்சம். வங்கிச் செலவு 40 ஆயிரம், அபார்ட்மெண்ட் பராமரிப்பு 32 ஆயிரம். ஆக மொத்தம் 86.31 லட்சம் உள்ளே போயிருக்கிறது.

இதை 92 லட்சத்துக்கு விற்றுவிட்டீர்கள் என்றே வைப்போம். விற்கும்போதும் தரகு உண்டு, அது 92 ஆயிரம். கையில் மிஞ்சுவது 4.77 லட்சம். வருமான வரி இன்னும் கட்டவில்லை. 24 மாதத்துக்குள் விற்றால் அது குறுகிய கால ஆதாயம். உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து, நீங்கள் எந்த வரம்பில் இருக்கிறீர்களோ அந்த விகிதத்தில் வரி. கடன் வட்டியை அடக்க விலையில் சேர்ப்பது வழக்கு வரை போகக்கூடிய விஷயம், அதனால் சேர்க்காமல் பார்ப்போம். ஆதாயம் 9.06 லட்சம் என்று ஆகிறது. 30 சதவீத வரம்பில் இருப்பவர் செஸ்ஸோடு 2.83 லட்சம் கட்ட வேண்டும்.

மிச்சம் 1.94 லட்சம். இதற்காக உங்கள் கைப்பணம் 30 லட்சத்துக்கு மேல் 9 மாதம் மாட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டைல்ஸ் கடைக்கும் பிளம்பர் வீட்டுக்கும் நீங்கள் அலைந்த அலைச்சலுக்கு இதில் கூலியே இல்லை. விற்பதற்கு இன்னும் மூன்று மாதம் இழுத்தால் வட்டியிலேயே இன்னொரு 1.19 லட்சம் போய்விடும்.

அப்படியானால் லாபம் பார்ப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

வாங்கும் விலையில்தான். நான் முருகேஷ்பாளையாவில் வாங்கியது ஒரு பெரியவர் இறந்தபின் அவருடைய பிள்ளைகள் மூன்று பேர் விற்ற ஃப்ளாட். மூவரும் வேறு வேறு ஊரில் இருந்தார்கள். பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, சீக்கிரம் முடித்துப் பணத்தைப் பிரித்துக்கொள்ள நினைத்தார்கள். மூவரும் ஒரே நாளில் பதிவு அலுவலகத்துக்கு வருவதாகச் சம்மதிக்க வைக்கவே நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதம் காத்திருக்க வேறு யாரும் தயாராக இல்லை. அதனால் அதே கட்டிடத்தில் மற்ற ஃப்ளாட்டுகள் போன விலையைவிட 9 லட்சம் குறைவாகக் கிடைத்தது. எனக்கு வந்த லாபம் ஏறக்குறைய அந்த 9 லட்சம்தான். சமையலறைக்குச் செலவழித்த பணம் வீட்டைச் சீக்கிரம் விற்க உதவியது, அவ்வளவே.

இன்னொன்று, 24 மாதம் தாண்டும் வரை வாடகைக்கு விட்டு வைத்திருந்தேன். இப்போதைய விதிப்படி 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், செஸ்ஸோடு 13. மேலே சொன்ன அதே 9.06 லட்சத்துக்கு வரி 1.18 லட்சமாக இறங்கிவிடும். வாடகையும் வந்துகொண்டிருக்கும். வாங்கி விற்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் யோசனை இதுதான்: இரண்டு வருடம் வாடகைக்கு விட்டு வைக்க முடியாத வீட்டை, விற்கும் நோக்கத்தோடு வாங்காதீர்கள்.

சரிசெய்ய எதில் செலவழிக்க வேண்டும்? எதில் கூடாது?

முதலில் தண்ணீர் ஒழுக்கு. பழைய ஃப்ளாட் பார்க்கப் போகும்போது நான் முதலில் பாத்ரூமுக்குப் போய், பக்கெட்டில் தண்ணீர் பிடித்துத் தரை முழுக்க ஊற்றி விடுவேன். அப்புறம் ஒரு நாணயத்தை எடுத்து டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் சிமெண்ட் பிடிப்பு விட்டிருக்கிறது, தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கலாம். பாத்ரூமுக்கு அடுத்த அறையில் அலமாரி இருந்தால் அதைத் திறந்து, பின்பலகையில் கை வைத்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் சுவரை மறைக்கும். அலமாரிக்குள் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. பூஞ்சை வாடையும் உப்புப் பூத்த தடமும் அங்கே தெரியும். கடைசியாகக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் பாத்ரூம் கூரையைக் காட்டச் சொல்லிக் கேட்பேன். கூச்சப்படாதீர்கள். அவர்களுக்கு ஒழுக்கு இருந்தால் நீங்கள் கேட்காமலேயே பத்து நிமிடம் சொல்வார்கள்.

ஒழுக்கு, வயரிங், சமையலறை மேடை, பாத்ரூம். இந்த நான்குக்கும் போடும் பணம் வீணாகாது. பொய்க்கூரை, சுவர் முழுக்க டிசைன் பேப்பர், விலை உயர்ந்த விளக்கு இவற்றுக்கெல்லாம் வாங்குகிறவர் தனியாக ஒரு ரூபாயும் தரமாட்டார்.

வங்கி எவ்வளவு கடன் கொடுக்கும்?

ரிசர்வ் வங்கியின் வரம்பு இது: 30 லட்சம் வரை கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இது உச்ச வரம்பு மட்டுமே. உங்கள் சம்பளம், ஏற்கெனவே ஓடும் கடன்கள் எல்லாம் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள். முத்திரைத்தாள், பதிவுச் செலவுக்கு இந்தக் கடன் வராது, அது கையிலிருந்து போக வேண்டும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் நீங்கள் பேசிய விலையைவிடக் குறைத்துப் போட்டால், அந்த வித்தியாசமும் உங்கள் தலையில்தான்.

இந்த இடத்தில்தான் பலர் முன்பணத்துக்குப் பர்சனல் லோன் எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வீட்டுக்கடனைவிட வட்டி அதிகம், தவணைக் காலமும் குறைவு, அதனால் மாதத் தவணை கழுத்தைப் பிடிக்கும். நகைக்கடன் பரவாயில்லை, ஆனால் குறுகிய காலத்துக்கு மட்டும், எந்தப் பணம் வந்து மீட்கப் போகிறோம் என்பது தெரிந்திருந்தால் மட்டும். சீட்டுப் போட்டு எடுத்த பணமாக இருந்தால், மீதித் தவணையையும் இஎம்ஐ-யோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தனிநபர் எடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. விற்கும் எண்ணம் இருப்பவர்கள் நிலையான வட்டிக்குப் போகாமல் இதையே எடுப்பது நல்லது.

வாடகை இஎம்ஐ-யைக் கட்டிவிடுமா?

கட்டாது. அதே 70 லட்சம் ஃப்ளாட்டுக்கு 26 ஆயிரம் வாடகை வருகிறது என்போம். 56 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 48,600. முதல் மாத இஎம்ஐ-யில் வட்டி மட்டுமே 39,667. ஆக மாதம் 22,600 உங்கள் சம்பளத்திலிருந்து போகும்.

கடனே இல்லாமல் வாங்கினாலும் பாருங்கள். வருட வாடகை 3.12 லட்சம். பராமரிப்பு 42 ஆயிரம், சொத்து வரி 6 ஆயிரம், ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி என்று 26 ஆயிரம், ரிப்பேர் 15 ஆயிரம் கழித்தால் 2.23 லட்சம். பதிவு, தரகுச் செலவோடு 76 லட்சம் போட்டதற்கு இது 3 சதவீதம்கூட இல்லை. மீதி லாபம் விலை ஏற்றத்தில்தான் வர வேண்டும். ஆகவே இடத்தைத் தேர்வு செய்வதில்தான் யோசனை முழுவதும் போக வேண்டும். 2023-ல் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டு வரை முழுதாக ஓடத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு – பொம்மசந்திரா யெல்லோ லைன் திறந்தது. நிலையத்திலிருந்து நடக்கும் தூரமா, ஆட்டோ பிடிக்கும் தூரமா என்று நடந்தே பாருங்கள். அதேபோல் தண்ணீர். 2024 கோடையில் போர்வெல் வற்றி, டேங்கருக்காக மக்கள் காத்துக் கிடந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. காவேரி இணைப்பு இருக்கிறதா என்று இப்போது வாடகைக்கு வருபவரே முதலில் கேட்கிறார்.

30-க்கு 40 சைட்டில் மாடி மாடியாகக் கட்டி வாடகைக்கு விட்டால்?

வாடகை வருமானம் மட்டும் பார்த்தால் ஃப்ளாட்டைவிட இது நன்றாக நிற்கும். 1200 சதுர அடியில் ஐந்தாறு சின்ன வீடுகள் வரும், ஒன்று காலியானாலும் மற்றவை ஓடும். ஆனால் சிக்கலும் இங்கேதான் அதிகம். நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தை விடாமல், அனுமதித்த மாடிக்கு மேல் ஒரு மாடி ஏற்றிக் கட்டுவது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குடியேற்றச் சான்று (பிளான்படி கட்டியிருக்கிறது, குடியேறலாம் என்று தரும் சான்று) பார்த்த பிறகே மின்சாரம், தண்ணீர் இணைப்பும் வங்கிக் கடனும் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அதற்குப் பிறகு, சான்று கிடைக்காமல் கட்டி முடித்த பலர் பெஸ்காம் (இங்குள்ள மின்வாரியம்) மீட்டருக்கு அலைந்தார்கள். பிளானை மீறாமல் ஒரு வீடு குறைவாகக் கட்டுங்கள். அந்த ஒரு வாடகைக்காக முழுக் கட்டிடத்தையும் கடன் கிடைக்காத சொத்தாக ஆக்கிவிடக் கூடாது.

ஏ காத்தா, பி காத்தா என்கிறார்களே, நம் ஊர்ப் பட்டா மாதிரியா?

இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் எல்லோரும் இதில் தடுமாறுகிறோம். காத்தா என்பது மாநகராட்சியின் வரிக் கணக்கில் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான பதிவு. உரிமையை நிரூபிப்பது கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப் பத்திரங்களும்தான். பி காத்தா என்றால் வரி வாங்குகிறார்கள், ஆனால் அந்த மனையோ கட்டிடமோ முழுமையாக முறைப்படுத்தப்படவில்லை என்று பொருள். பெரும்பாலான வங்கிகள் பி காத்தாவுக்குக் கடன் தருவதில்லை. தரும் நிதி நிறுவனங்கள் கூடுதல் வட்டி கேட்கும். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டால், நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் இதே கஷ்டம்தான். சீக்கிரம் விற்கும் நோக்கம் இருந்தால் தொடவே வேண்டாம். இப்போது பதிவுக்கு இ-காத்தா, அதாவது ஆன்லைனில் எடுக்கும் காத்தா, கட்டாயம், எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பத்திரத்தில் முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்?

வக்கீலிடம் கொடுப்பது கட்டாயம். கன்னடத்தில் எழுதிய பழைய பத்திரங்களைக் கன்னடம் படிக்கத் தெரிந்த வக்கீலே முழுக்கப் படிக்க வேண்டும், சுருக்கத்தை நம்பாதீர்கள். 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். நீங்களே கவனிக்க வேண்டியவை என்று நான் நினைப்பது மூன்று.

வெறும் பவர் பத்திரத்தின் பேரில் கைமாறிய மனை: பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புறநகரில் இப்படிப்பட்ட மனைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அடுத்து, அரசு தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்குக் கொடுத்த நிலம். 1978-ம் வருடச் சட்டப்படி அரசு அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. அவர்கள் நிலத்தை ஏமாற்றி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த நியாயமான சட்டம் அது. 2023 திருத்தத்துக்குப் பிறகு எத்தனை வருடம் கழித்தும் அவர்கள் மீட்கக் கேட்கலாம். மூன்றாவது ராஜகாலுவே, அதாவது மழைநீர்க் கால்வாய். அதன் ஓரத்தில் ஒதுக்க வேண்டிய இடத்தில் கட்டிய வீடுகளை 2016-லும் 2022 வெள்ளத்துக்குப் பிறகும் இடித்தார்கள். பக்கத்தில் சாக்கடை என்று காட்டுவது உண்மையில் காலுவேயா என்று கிராம வரைபடத்தை வைத்துப் பாருங்கள்.

வாடகைக்குப் பதில் லீசுக்கு விடலாமா?

நம் ஊரில் போக்கியம் அல்லது ஒத்தி என்பதைத்தான் இங்கே லீஸ் என்கிறார்கள். 12 லட்சமோ 15 லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருக்க விடுவது, முடிந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடன் மாதிரி. அந்தப் பணத்தை அதிக வட்டிக் கடனை அடைக்கப் பயன்படுத்தினால் கணக்கு சரியாக வரும். ஆனால் மூன்று வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் வாங்காதீர்கள். அடுத்த லீஸ்காரர் தருவார் என்று நம்பித்தான் பலர் இருக்கிறார்கள்.

வங்கியில் அடமானமாக இருக்கும் வீட்டை வங்கிக்குச் சொல்லாமல் லீசுக்கு விடவே கூடாது. கடன் தவறி வீடு ஏலத்துக்குப் போனால், தங்கள் சேமிப்பு முழுவதையும் கொடுத்துக் குடியேறிய குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அப்படி ஒரு குடும்பத்தை எங்கள் தெருவிலேயே பார்த்தேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் லீசுக்குப் போகிறவராக இருந்தால் வில்லங்கச் சான்று பாருங்கள், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே பணத்தை அனுப்புங்கள். நடுவில் இருந்து வசூலித்துத் தருவதாகச் சொல்லும் ஆளிடம் கொடுக்க வேண்டாம்.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்?

இந்த ஊரில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது நெடுநாள் வழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்தாறு மாதமாகக் குறைந்திருக்கிறது. 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வங்கி வழியாகவே வாங்குங்கள்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். பானஸ்வாடி வீட்டுக்கு வாங்கிய இரண்டரை லட்சம் அட்வான்ஸை அப்படியே மாடுலர் கிச்சனுக்குப் போட்டுவிட்டேன். 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை என்று ஊருக்குக் கிளம்பினார்கள். எங்கள் வீட்டில் இருந்த மதுரைத் தம்பி போன் செய்து, "அண்ணா, கம்பெனி ஊருக்கே போகச் சொல்லிட்டாங்க, அட்வான்ஸ் எப்ப கிடைக்கும்?" என்று கேட்டான். கையில் பணம் இல்லை. மனைவியின் வளையல்களை அடகு வைத்துத்தான் கொடுத்தேன். வீடு ஏழு மாதம் காலியாகக் கிடந்தது, இஎம்ஐ மட்டும் நிற்கவில்லை. அன்றிலிருந்து அட்வான்ஸ் பணத்தைத் தனி வைப்பு நிதியில் போட்டு வைக்கிறேன், ஆறு மாத இஎம்ஐ-யும் தனியாக இருக்கும்.

வாடகைக்கு வரி எப்படி?

சொத்து வரி கழித்த வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு, ரிப்பேருக்குச் செலவழித்தாலும் இல்லாவிட்டாலும். வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியையும் கழிக்கலாம். பழைய வரி முறையில், அதனால் வரும் நஷ்டத்தில் வருடம் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்து, மீதியை 8 வருடம் வரை எடுத்துச் செல்லலாம். புதிய முறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வீடு வாங்கும் முன்பே இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அடிக்கடி வாங்கி விற்றால் அதை வியாபார வருமானமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதமா, அது இல்லாமல் 12.5-ஆ, எது குறைவோ அதைக் கட்டலாம். ஒரு வீட்டை விற்ற நீண்ட கால ஆதாயத்தை இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்கவோ மூன்று வருடத்துக்குள் கட்டவோ போட்டால் விலக்கு உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள வீடு வாங்கும்போது விலையில் 1 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது விற்பவர் கணக்கில் வருமான வரியாக, பிடித்துக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. விற்பவர் அமெரிக்காவிலோ துபாயிலோ வசிக்கும் என்ஆர்ஐ என்றால் 1 சதவீதம் இல்லை, அதைவிடப் பல மடங்கு பிடிக்க வேண்டும். பெங்களூரில் இப்படி விற்பவர்கள் நிறைய. பிடிக்காமல் விட்டால் துறை உங்களிடம்தான் வரும்.

வங்கி ஏலத்தில் மலிவாகக் கிடைக்குமே?

சில நேரம் கிடைக்கும். ஏலம் எடுத்தால் 25 சதவீதத்தை உடனே கட்ட வேண்டும், மீதி 75 சதவீதத்துக்குப் பொதுவாக 15 நாள். அதற்குள் கடன் ஏற்பாடாவது கஷ்டம். 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்று போட்டிருப்பார்கள். உள்ளே ஆள் குடியிருந்தால், பராமரிப்புப் பாக்கி இருந்தால், அது உங்கள் பிரச்சினை. கைப்பணமும் வக்கீலும் இருப்பவர்களுக்கான வழி. முதல் வீட்டை இப்படி வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

கட்டும்போதே புக் செய்து, சாவி வாங்கும் முன் விற்றால்?

ரெரா (வீட்டுத் திட்டங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு எண் வராத 'ப்ரீ-லாஞ்ச்' எதிலும் பணம் போடாதீர்கள். பதிவு ஆனதிலும் பெயர் மாற்றக் கட்டணம், எப்போது மாற்றலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் கட்டிய 5 சதவீத ஜிஎஸ்டி திரும்பி வராது. பில்டரிடமே இன்னும் நூறு ஃப்ளாட் விற்காமல் இருந்தால் அவரோடு போட்டி போட்டுத்தான் நீங்கள் விற்க வேண்டியிருக்கும்.

ஹோசூரில் வாங்கினால்?

விலை குறைவு, பத்திரம் தமிழில், பட்டாவும் உண்டு. கிரயத்துக்கு முத்திரைத்தாள் 7, பதிவு 2 சதவீதம். ஆனால் மெட்ரோ பொம்மசந்திராவோடு நிற்கிறது. அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஒரு வாரம் காலையும் மாலையும் நீங்களே போய்வந்து பாருங்கள். வாடகைக்கு வருபவர் அதைத்தானே தினமும் செய்யப் போகிறார்.

அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கலாமா?

வாங்கலாம். யாருக்கு எத்தனை பங்கு என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள். வாடகை வருமானத்துக்கு அந்தப் பங்குப்படிதான் வரி. இஎம்ஐ-யை யார் எவ்வளவு கட்டினாலும் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே போகட்டும். ஒருவர் வெளியேற நினைத்தால் எந்த விலைக்கு, எத்தனை மாதத்தில் மற்றவர் வாங்கிக்கொள்வார் என்பதை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்தத் தாள் தயாராக இருக்கட்டும்.